கட்டியைப் பார்த்தீர்கள், பிரஷரைப் பார்த்தீர்களா?

உடலெங்கும் சிறுசிறு கட்டிகள், குழந்தைப் பருவம் முதலே தோலில் பால்காபி நிறத் திட்டுகள். நியூரோபைப்ரோமடோசிஸ் டைப் 1 என்னும் இந்த மரபணுக் கோளாறு ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இவர்கள் மருத்துவமனைப் பக்கமே வராதவர்கள் அல்லர். தோல் பிரிவுக்கு வருகிறார்கள். கல்யாணப் பேச்சு எழும்போது முகத்துக் கட்டியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறார்கள். "ஒட்டாது, பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களில் பலர், இவர்கள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்ப்பதில்லை. இது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

இந்தக் கோளாறில் இளம் வயதிலேயே சிறுநீரகத் தமனி சுருங்கி ரத்த அழுத்தம் ஏறலாம். நூறில் சிலருக்கு, பெரும்பாலும் நடுவயதில், அட்ரினல் சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வளரும். அது ஹார்மோன்களைக் கொட்டும்போது மண்டை பிளக்கும் தலைவலி, படபடப்பு, வியர்வை வரும். சிலருக்கு ஓர் அறிகுறியும் இராது. இப்படி ஒரு கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், அல்லது பிரசவ நேரத்தில், அழுத்தம் எகிறி உயிரே போகலாம். படபடப்பு என்றதும் அதைப் பதற்றமென்று முடிவுகட்டி, ஆல்ஃபா தடுப்பு மருந்து தராமல் புரொப்ரனலாலை மட்டும் எழுதித் தருவதும் அதே ஆபத்தில்தான் தள்ளும். ஒவ்வொரு மருத்துவரும் கல்லூரியில் படித்த பாடம் இது. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

திட்டம் தீட்டுவோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. நாட்டின் தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயதைக் கடந்தவர்களை இலக்காகக் கொண்டது. 22 வயதில் தமனி சுருங்கியவரை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் இந்தக் கோளாறே கிடையாது என்பதால், வீட்டிலும் எச்சரிக்க ஆளில்லை.

சுகாதாரத் துறை உடனே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இந்த நோயாளிகள் எந்தப் பிரிவுக்கு வந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பார்த்துக் குறிக்கப்பட வேண்டும். 30 வயதுக்குள் அழுத்தம் உயர்ந்தாலோ, கர்ப்பத்தில் உயர்ந்தாலோ, மாத்திரைக்கு அடங்காவிட்டாலோ, அட்ரினல் கட்டியைக் கண்டறியும் மெட்டாநெப்ரின் பரிசோதனையும் சிறுநீரகத் தமனி ஸ்கேனும் செய்யாமல் வழக்கமான பிரஷர் சீட்டோடு அனுப்பக் கூடாது. பெரிய அறுவைக்கு முன்பு அட்ரினல் கட்டி உண்டா என்று மயக்கவியல் மருத்துவர் கேட்டே ஆக வேண்டும். மெட்டாநெப்ரின் பரிசோதனை வசதி இல்லாத மாவட்டங்களிலிருந்து மாதிரியை முறைப்படி எடுத்து, வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவது அரசின் வேலை. அதற்காக நோயாளியை ஊர் ஊராகப் பேருந்தில் அலையவிடக் கூடாது.