மஞ்சள் மனிதர்களின் ஊரில் பஷீர்

ஆர்.கே.பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த அம்மையார்குப்பம் போன்ற ஊர்களிலும் தறியின் ஓசை கேளாத தெருக்கள் குறைவு. நெசவில் பிழை இருவகைப்படும் என்பதைத் தறிக்காரர் வீட்டுக் குழந்தையும் அறியும். ஊடையில் ஓர் இழை தவறினால் அந்த ஓரிடத்தில் மட்டும் கீறல் போலத் தெரியும். பாவில் ஓர் இழை அச்சில் மாறிக் கோக்கப்பட்டுவிட்டாலோ, அந்தப் பாவு தீரும்வரை நெய்யப்படும் ஒவ்வொரு புடவையிலும் அதே கோடு நீண்டுகொண்டே வரும். கார்ட்டூன் படங்களைப் பற்றி எழுத வந்த இடத்தில் தறிக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். காரணம் இருக்கிறது, சற்றுப் பொறுத்தருள்க.

1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்குள் நுழைந்தது. 2007-இல் சுட்டி டிவி தோன்றியது. டோரா தமிழ் பேசலானாள். அன்று முதல் நம் இல்லங்களில் சோறூட்டும் வேளையும் கார்ட்டூன் வேளையும் ஒன்றாகிவிட்டன. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி தன் ஓவியப் புத்தகத்தில் வரையும் மனிதர் அனைவருக்கும் கைக்கு நான்கு விரல்களே உண்டு. "ஏனம்மா, ஒரு விரல் எங்கே போயிற்று?" என்றால், "டிவியில அப்படித்தானே இருக்கு, பெரியம்மா!" என்கிறாள். அவள் சொல்வது முற்றிலும் உண்மை. ஆயிரமாயிரம் முறை ஒரே கையை வரைய வேண்டிய ஓவியர்கள், உழைப்பையும் செலவையும் மிச்சப்படுத்தவே ஒரு விரலைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்கள் சிக்கனத்திற்காகச் செய்ததை நம் குழந்தை உலக வழக்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

அமெரிக்காவின் இவ்வகைத் தொடர்களுள் வயதில் மூத்து இன்றும் ஓடிக்கொண்டிருப்பது 'தி சிம்சன்ஸ்'. மாட் கிரேனிங் என்பவர் படைத்த இந்த மஞ்சள் நிறக் குடும்பம், தனித் தொடராக 1989 டிசம்பர் 17 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. தந்தை ஹோமர், தாய் மார்ஜ், மகன் பார்ட், மகள் லிசா, இன்னும் பேசத் தொடங்காத கைக்குழந்தை மேகி ஆகியோர் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை ஊரில் வாழ்கின்றனர். கார்ட்டூன் என்றதும் குழந்தைகளுக்கானது என எண்ணிவிட வேண்டாம். மதுக்கடையும் குடும்பச் சண்டையும் அரசியல் கேலியும் நிறைந்த, பெரியவர்களுக்கான நையாண்டித் தொடர் இது.

இதன் முதற்பிழை பிறப்பதற்கு முன்பே நேர்ந்தது. முதலாவதாகத் தயாரிக்கப்பட்ட கதை, தென்கொரியாவின் ஏகாம் நிறுவனத்தில் வரையப்பட்டுத் திரும்பி வந்தபோது, உருவங்கள் ரப்பர் பொம்மைகளைப் போல் நெளிந்தன. அசையக்கூடாத கதவுகூட வளைந்தது. ஏறத்தாழ 70 விழுக்காட்டை மீண்டும் வரைய நேரிட்டது. முதலில் வரவேண்டிய அந்தக் கதை, முதற்பருவத்தின் இறுதிக் கதையாக 1990 மே 13 அன்றுதான் வெளியாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் வந்த ஒரு கதையில், முதலாளியின் உதவியாளரான ஸ்மிதர்ஸ் கறுப்பினத்தவரின் நிறத்தில் தோன்றினார். பின்னர் வந்த கதைகளில் மற்றவரைப் போல் மஞ்சளாகிவிட்டார். வண்ணம் தீட்டியதில் நேர்ந்த பிசகு அது. ஹோமரின் நண்பர் பார்னியின் தலைமுடி தொடக்கத்தில் தோலின் மஞ்சளிலேயே இருந்து பிறகு பழுப்பானது. கணக்கிட்டுப் பார்த்தால் இவை வியப்புக்குரியன அல்ல. ஒரு கதை சுமார் 22 நிமிடம். நொடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம் 31,680 சட்டங்கள். ஓர் ஓவியத்தை இரு சட்டங்களுக்கு வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 16,000 ஓவியங்கள் வேண்டும். வரைபவர் ஒரு நாட்டில், வசனம் எழுதுபவர் மற்றொரு நாட்டில். ஒரு சட்டையின் பொத்தான் மறைவதும், மேசைமீதிருந்த குவளை அடுத்த காட்சியில் இடம் மாறுவதும் இயல்பே. இத்தகைய பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இன்புறும் இரசிகர்கள் உலகெங்கும் உள்ளனர். அதனால் எவருக்கும் தீங்கில்லை. இவையெல்லாம் ஊடைப் பிழைகள்.

இத்தொடரின் மற்றொரு சிறப்பு, பிறவற்றைச் சுட்டிச் சிரிக்க வைப்பது. பழைய திரைப்படம், புகழ்பெற்ற விளம்பரம், அரசியல்வாதியின் பேச்சு என எதையேனும் கதைக்குள் நுழைத்துவிடுவார்கள். அறிந்தவர் சிரிப்பார், அறியாதவர் கடந்து செல்வார். இது நமக்குப் புதிய கலையன்று. நம் பகுதியின் தெருக்கூத்தில், துரியோதனன் கொலுவீற்றிருக்கும்போதே கட்டியங்காரன் இடையில் புகுந்து உள்ளூர்ப் பஞ்சாயத்தைக் கிண்டல் செய்வதில்லையா? அவன் யாரைக் கேலி செய்கிறான் என்பது கூத்துக் களத்தில் அமர்ந்திருப்போர் அனைவருக்கும் தெரியும்; கேலிக்கு ஆளானவரே முன்வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். கேலி செய்யப்படுபவர் களத்தில் இல்லாதபோதுதான் தொல்லை தொடங்குகிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் பெட்டிக்கடை நடத்தும் இந்தியரான அப்புவின் கதை அதுதான். 1990 பிப்ரவரியில் அறிமுகமான இந்தப் பாத்திரத்திற்குச் சத்யஜித் ராயின் திரைப்பட நாயகன் அப்புவின் பெயரைச் சூட்டினார்கள். மரியாதை நிமித்தமான சுட்டல்தான், ஐயமில்லை. ஆனால் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்னும் அமெரிக்கர். இந்தியரின் ஆங்கிலத்தை அவர் எங்கிருந்து எடுத்தார்? 1968-இல் வெளியான 'தி பார்ட்டி' என்னும் நகைச்சுவைப் படத்தில், முகத்தில் கருமை பூசிக்கொண்டு பக்ஷி என்ற இந்தியராக நடித்த பீட்டர் செல்லர்ஸின் பேச்சு தமக்குத் தூண்டுதலாக அமைந்ததை அவரே கூறியிருக்கிறார். பீட்டர் செல்லர்ஸோ ஆங்கிலேயர். ஆக, ஓர் ஆங்கிலேயர் கற்பனை செய்த இந்தியரை ஓர் அமெரிக்கர் நகலெடுத்தார். அந்த நகலைத்தான் இரண்டு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் இந்தியர் என்று கற்றன. 2006 ஏப்ரலில் வந்த ஒரு கதையில் ஸ்பிரிங்ஃபீல்டின் அணுமின் நிலையமே பெங்களூருக்கு இடம்பெயர்கிறது. நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய பெங்களூர்தான். அங்கே பயிற்சியளிக்கச் செல்லும் ஹோமர், தம்மைக் கடவுளாகவே பாவித்துக்கொள்கிறார்! அந்த ஆண்டில் பெங்களூரின் பொறியாளர்கள் ஹோமர் போன்றோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு செய்தி.

தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு, 2017 நவம்பரில் இதனை ஆவணப்படமாக்கிக் கேள்வி எழுப்பினார். பள்ளி நாட்களில் அப்புவின் பெயரால் கேலிக்குள்ளானவர்கள் அதில் பேசினார்கள். தொடரினர் 2018 ஏப்ரலில் ஒரு கதையினூடே விடை தந்தனர்: முன்பு எல்லாரும் கைதட்டியது இன்று தவறாகிவிட்டது, என்ன செய்வது என்னும் பொருள்பட லிசாவைப் பேச வைத்தார்கள். பரிவின் உருவாகப் படைக்கப்பட்ட அந்தச் சிறுமியின் வாயில் இதனை வைத்தது எனக்குச் சிறிதும் உவப்பாக இல்லை. 2020 ஜனவரியில் அசாரியா அக்குரலைக் கைவிட்டார். 2021-இல் இந்தியர்களிடம் வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார். அப்போது அவர் சொன்ன செய்தி ஒன்றை வாசக அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தம் மகன் படிக்கும் பள்ளியில் இந்திய வம்சாவளி மாணவர்களிடம் அவர் பேசியிருக்கிறார். அவர்களுள் 17 வயது இளைஞன் ஒருவன் கண்கலங்கினான். அவன் அத்தொடரைப் பார்த்ததே இல்லை. ஆனால் 'அப்பு' என்பது தன்னை நோக்கி வீசப்படும் வசைச்சொல் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஸ்மிதர்ஸின் நிறத்தை உடனே மாற்றியவர்களுக்கு அப்புவின் குரலை மாற்ற முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. பாவில் விழுந்த பிழை இது.

அவர்களை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. நம் தமிழ்த் திரையில் 'பாய்' என்றொரு பாத்திரம் வரும்போதெல்லாம் "நம்பள்கி, நிம்பள்கி" என்று பேச வைத்தவர்கள் யார்? எட்டயபுரத்து அவையில் விளங்கிய உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தாலாட்டும் ஒப்பாரியும் தமிழிலேயே பாடிய மூதாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது என்று திரையரங்குகள் சிரித்தன. நம்மவரும் டிக்கெட் எடுத்து உள்ளே அமர்ந்து சேர்ந்தே சிரித்தோம். இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உழைக்க வரும் இளைஞர்களின் தமிழை நம் பிள்ளைகள் அதே பாணியில் நடித்துக்காட்டுகிறார்கள். கடைத்தெருவில் நின்றால் காதில் விழும்.

அலாவுதீனுக்கு வருவோம். 1992-இல் வெளியான டிஸ்னியின் படம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தமானது. அதில் வரும் பூதத்திற்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ், அமெரிக்க நடிகர்களையும் தொலைக்காட்சி அறிவிப்பாளர்களையும் நொடிக்கொருவராக நடித்துக்காட்டுவார். சுட்டல் கலையின் உச்சம் அது எனலாம். ஆயின் படத்தின் தொடக்கப் பாடலிலேயே, முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் நாடு என அரபு மண்ணைப் பழிக்கும் வரி இடம்பெற்றிருந்தது. அமெரிக்க அரபு அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்ததன் விளைவாக 1993-இல் வீடியோ வெளியானபோது அந்த வரி நீக்கப்பட்டது. அதற்கு அடுத்து வரும், அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்னும் சொல் நீக்கப்படவில்லை. 2019-இல் நடிகர்களைக் கொண்டு மறுபடியும் எடுத்தபோதுதான் அது போயிற்று. நாயகனும் நாயகியும் அமெரிக்க உச்சரிப்பில் பேச, வாளேந்திய காவலர்கள் மட்டும் கொச்சையான அரபு உச்சரிப்பில் உறுமுவதையும் அன்றே பலர் சுட்டிக்காட்டினர். அலாவுதீன் கதையே 1709-இல் பாரிஸ் நகரில், சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர் பிரெஞ்சு அறிஞர் கலானுக்குச் சொன்னது. அதில் அலாவுதீன் சீன தேசத்துச் சிறுவன்! பூதத்தை விட அதிகமாகப் பயணம் செய்திருக்கிறது இந்தக் கதை.

இந்தப் பூதம் 2008 நவம்பர் 30 அன்று ஸ்பிரிங்ஃபீல்டிற்கும் வந்தது. அன்று ஒளிபரப்பான 'மைபாட்ஸ் அண்ட் பூம்ஸ்டிக்ஸ்' என்னும் கதையின் தலைப்பே 1971-ஆம் ஆண்டு டிஸ்னி படமொன்றின் பெயரைத் திரித்தது. ஆப்பிள் நிறுவனத்தை 'மாப்பிள்' ஆக்கிக் கிண்டல் செய்வதும், திரையின்மீது சம்மட்டி எறியப்படும் 1984-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற விளம்பரத்தை நகல்செய்வதும் ஒருபுறம் நடக்கின்றன. மறுபுறம், ஜோர்டானிலிருந்து குடிவந்த பஷீர் என்னும் சிறுவன் பார்ட்டுக்கு நண்பனாகிறான். முரட்டு மாணவர்கள் அவனைத் துன்புறுத்துகிறார்கள். பஷீரின் பணிவையும் நன்னடத்தையையும் கண்டு முதலில் மகிழ்ந்தவர் ஹோமரே. பிறகு மதுக்கடையில் நண்பர்கள் ஓதிய சொற்களால் அவர் மனம் மாறுகிறது. விருந்துக்கு அழைத்து அந்தக் குடும்பத்தை அவமதிக்கிறார். மன்னிப்புக் கேட்கச் சென்றவர், பஷீரின் தந்தை வெடிமருந்தைக் கையாள்வதைக் கண்டு அஞ்சி ஓடிவருகிறார். அன்றிரவு அவர் கனவில் அலாவுதீனின் பூதம் தோன்றி, அமெரிக்காவையே மாற்றியமைக்கப் போவதாக மிரட்டுகிறது.

இவ்விடத்தைக் கவனியுங்கள். ஹோமருக்கு வேறொரு முஸ்லிமைத் தெரியாது. அச்சம் வந்தபோது அவர் மனத்தில் கிடந்த ஒரே உருவம், பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த கார்ட்டூன் பூதமே. சிரிப்புக்காக வைத்த அந்தச் சுட்டல், நீண்ட கட்டுரைகள் சொல்லாததைச் சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. கதையை எழுதியவர்கள் இதனை உணர்ந்தே செய்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பஷீரின் தந்தை, பழைய கட்டடங்களை முறைப்படி தகர்க்கும் நிறுவனத்தில் பணியாற்றுபவர். ஊரின் பழைய வணிக வளாகத்தை இடிக்கவே அந்த வெடிமருந்து. அதனைத் 'தடுத்து' ஊரைக் காப்பாற்றுவதாக எண்ணி ஹோமர் வெடிமருந்தை ஆற்றில் எறிய, அங்கே புதிதாகக் கட்டப்பட்ட பாலம் தூள்தூளாகிறது.

குறை இல்லாமலில்லை. ஜோர்டான் நாட்டுத் தாய்க்கு ஈரானில் பிறந்த ஷோரே அக்தாஷ்லு குரல் கொடுத்தார். அரபியும் பாரசீகமும் அமெரிக்கக் காதுக்கு ஒன்றுதான் போலும். எனினும் அவர் தேர்ந்த நடிகை. அந்தத் தாயை மரியாதையோடு பேச வைத்தார்.

சிறு குழந்தைகளுக்கு இத்தொடரைக் காட்ட வேண்டாமென்றே சொல்வேன். மதுக்கடைக் காட்சிகளே போதிய காரணம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியில் தாமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. அவர்களிடமிருந்து கைப்பேசியைப் பறிப்பதைவிட, பஷீர் வரும் இந்த ஒரு கதையை அத்தாவும் அம்மாவும் உடனமர்ந்து பார்க்கலாம். எந்தக் குவளை எங்கே மறைந்தது என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். ஹோமரின் கனவில் பூதம் ஏன் வந்தது என்பதை நீங்கள் கேளுங்கள்.