பூச்சுக்குக் கூலியுண்டு, தேடலுக்கு இல்லை

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய லொறிகள் தங்கள் அந்தரங்க நோய்களை ஒவ்வொன்றாக வெளிப்படுத்துகின்றன. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள்ளேயே இங்கு பெய்து தீர்ந்துவிடுவதால், ஏனைய மாதங்களில் வெயிலிலே காய்ந்து, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள றபர் இறுகி வெடித்துப்போனதையும், கூரைத் தகடுகளின் பொருத்துகளில் அடைத்திருந்த பசை உதிர்ந்துபோனதையும் உரிமையாளரும் அறியார், சாரதியும் அறியார். முதல் மழையன்று சாரதியின் முழங்காலிலே சொட்டுச் சொட்டாக நீர் விழும்போதுதான், வண்டிக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது என்ற ஞானம் பிறக்கிறது. உடனே கராஜுக்கு ஓடுகிறோம். அங்கே சிலிக்கன் குழாயொன்று எடுக்கப்படுகிறது, கண்ணாடியைச் சுற்றிப் பூசப்படுகிறது, பணம் கைமாறுகிறது, அடுத்த மழைக்கு, முழங்காலில் விழுந்த துளி பாதத்தில் விழுகிறது.

இதில் குற்றமெல்லாம் கராஜ்காரருடையது என்று எழுதிவிடுவது சுலபம். என் அபிப்பிராயம் வேறு. பூச்சுக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குவதில்லை. புதிய றபருக்கோ புதிய கண்ணாடிக்கோ முணுமுணுத்துக்கொண்டேனும் கொடுத்துவிடுகிறோம். ஆனால், ஒரு தொழிலாளி அரை நாட்பொழுதைச் செலவிட்டு, எதையும் பூசாமலும் எதையும் மாற்றாமலும், நீர் எந்த வழியாகப் புகுகிறதென்று மாத்திரம் கண்டுபிடித்துச் சொன்னால், அதற்கு ஏன் காசு என்று கேட்கிறோம். கராஜ்களின் வழக்கத்தை உருவாக்கியது நமது மடிப்பணந்தான்.

கசிவைத் தேடுவது ஏன் இத்தனை சிரமமான காரியம் என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். உள்நாட்டிலே பெய்த மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, யார் கண்ணிலும் படாமல் நடந்து, கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீர் ஊற்றாக வெளிப்படுவதை அறிந்த நமக்கு, நீர் புகுமிடம் ஒன்றும் தோன்றுமிடம் வேறொன்றுமாக இருப்பது புதுமையாகத் தோன்றக்கூடாது. பழைய லொறியின் கபின் என்பது, ஒன்றன்மேலொன்று படிய வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கப்பட்ட தகடுகளின் கூட்டம். இரு தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியிலே நீர் கீழ்நோக்கி வடிவதுடன் நில்லாமல், பக்கவாட்டிலும், சிறிது தூரம் மேல்நோக்கியுங்கூட ஊர்ந்து செல்லும். கண்ணாடியின் மேல்மூலையிற் புகுந்த நீர், பக்கத் தூணின் பொள்ளலான உட்புறத்தால் இறங்கி, கால் வைக்கும் தகட்டிலே குளமாகித் தேங்கும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வாங்குவதற்கென்று அமைந்த பெட்டியில் வேப்பஞ்சருகு நிறைந்து வடிகால் துவாரம் அடைபட்டால், நீர் வேறு வழி தேடி உள்ளே வரும். கதவினுள்ளே நீர் இறங்குவது இயற்கையேயாயினும், கதவின் அடியிலுள்ள துவாரங்களைக் கறளும் சேறும் மூடிவிட்டால் அந்த நீரும் உட்பக்கந்தான் திரும்பும். போதாக்குறைக்கு, நிற்கும்போது ஒழுகாத வண்டி ஓடும்போது ஒழுகும். எதிர்க்காற்றின் அழுத்தம் கண்ணாடியின் அடிவிளிம்பில் நீரை நெருக்கி உள்ளே தள்ளுவதே அதற்குக் காரணம்.

சென்ற மாரியிலே கோப்பாய்ப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் நான் நேரே பார்த்ததைச் சொல்லுகிறேன். சுன்னாகச் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் வெங்காயம் ஏற்றும் ஒருவருடைய பெட்போர்ட் லொறி அது. இடப்பக்கத்து ஆசனத்தின் கீழே எப்போதும் ஈரம். தகடு கறள் பிடித்து, விரலால் அழுத்தினாற் பொருக்காக உதிரும் நிலை. வேறு இடங்களில் முன்கண்ணாடியைச் சுற்றி ஏற்கெனவே பூசியிருந்த சிலிக்கன் தடித்த வெள்ளை வரம்பாக நின்றது. உரிமையாளர் இளைஞர்; அவசரக்காரர். கராஜ்காரரோ முதியவர்.

"அண்ணை, இன்னும் ஒருக்காப் பூசி விடுங்கோவன். விடியவெள்ளனச் சாமான் ஏத்த வேணும்."

"பூசலாம் தம்பி. எதை அடைக்கிறதெண்டு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. அதைத்தான் முதல் பாப்பம்."

அந்த முதியவர் செய்தவற்றில் ஆரவாரம் ஒன்றுமில்லை. தரையில் விரித்திருந்த சாக்கையும், டாஷ் பலகையின் கீழிருந்த மறைப்பையும் கழற்றி, உள்ளே முழுவதையும் துணியால் துடைத்து உலரவிட்டார். பின்பு பொருத்துகளின் வழியே முகப்பவுடரைத் தூவி, தரையிலே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்தார். (எம்மைப்போன்றோர் எழுதுவதற்கு அப்படியும் ஒரு பிரயோசனம் உண்டு.) கையாளாக நின்ற பையனை ரோச் லைற்றுடன் உள்ளே இருத்திக் கதவுகளைச் சாத்திவிட்டு, குழாய் நீரை மெல்லத் திறந்து, கதவின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சென்றார். இந்த ஒழுங்கிலேதான் வித்தையின் உயிர் இருக்கிறது. கூரையிலே முதலில் நீரை ஊற்றினால் அது எல்லா இடத்தையும் நனைத்துவிடும். அப்பால் எந்தத் துவாரம் குற்றவாளி என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கதவடி, வைப்பர் தண்டின் அடி, கண்ணாடியின் கீழ்விளிம்பு, பக்க விளிம்பு என்று ஒவ்வோரிடத்திலும் நின்று, காத்து, உள்ளே இருந்து "இல்லை" என்ற குரல் வந்த பின்பே மேலே நகர்ந்தார். சிலிக்கன் பூசிய கண்ணாடியின் நாற்புறத்திலும் ஒரு துளிதானும் புகவில்லை.

ஈற்றில், கூரையின்மேல் சாரதியின் தலைக்கு நேரே நீர் விழுந்து சிறிது நேரம் சென்றதும், உள்ளிருந்து கூவல் எழுந்தது. பவுடரிலே ஒரு கோடு நனைந்திருந்தது. அது கூரையின் குறுக்குச் சட்டத்தின் வழியே இடப்பக்கம் சென்று, தூணினுள் இறங்கி, ஆசனத்தின் கீழே தாளை நனைத்தது. மேலே ஏறிச் சுரண்டிப் பார்த்தபோது, பெருவிரலளவு ஒட்டு ஒன்று வெளிப்பட்டது. யுத்த காலத்திலே செல் துண்டு துளைத்த வடுவை யாரோ அன்று கிடைத்ததைக் கொண்டு அடைத்து மேலே பெயின்ற் அடித்திருக்கிறார்கள். அடைப்பு ஊதி விலகி, அதன் விளிம்பால் நீர் இறங்கியிருக்கிறது. கறளைச் சுரண்டி, சிறு தகட்டுத் துண்டொன்றைப் பித்தளையால் ஒட்டி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

கணக்குப் பேசும் வேளையில், "ஒரு துண்டுத் தகரத்துக்கு இவ்வளவோ அண்ணை?" என்றார் உரிமையாளர். முதியவர் ஒன்றும் பேசாமல் தொகையைக் குறைத்துக்கொண்டார். பையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நாளைக்கு ஒரு கராஜ் வைத்தால், காலையிற் கண்ட வித்தையைக் கைக்கொள்வானா, மாலையிற் கண்ட கணக்கைக் கைக்கொள்வானா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதியவருடைய பொறுமை பள்ளிக்கூடத்திற் பெற்றதன்று. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, எரிபொருளும் பற்றரியும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டு, உதிரிப்பாகங்கள் அரிதாகி, மின்சாரமும் அற்றுப்போன ஆண்டுகளிலே, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும், காபரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு அவற்றைக் கிளப்பியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் வாழ்ந்த மண் இது. மாற்றுவதற்குப் பொருளில்லாத காலத்திலே, பழுது எதுவென்று நிச்சயமாக அறிந்தபின்பே கை வைக்கவேண்டியிருந்தது. தவறாகக் கழற்றிய ஒரு வாசருக்கு மாற்று வாசர் இல்லை. அந்தக் காலத்தைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை; அது மீண்டும் வரவும் வேண்டாம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் பொருள்கள் வந்து குவிந்ததும், தேடும் வழக்கத்தை நாமே கைவிட்டோம் என்பதைத்தான் சொல்லுகிறேன்.

இத்தனை பழைய வண்டிக்கு அரை நாள் ஆராய்ச்சி எதற்கு, விற்றுத் தொலைக்கலாமே என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில், 2022இல், இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர் முந்நூற்றறுபதையும் கடந்தது. சிறு வியாபாரி பழைய லொறியை வைத்திருப்பது ஆசையினாலல்ல. அன்றியும், பொய்ப் பூச்சு வெறுமனே பயனற்றுப் போவதில்லை, தீங்கும் செய்கிறது. வினாகிரி மணம் வீசும் மலிவான சிலிக்கன் காயும்போது அமிலத்தை வெளிவிட்டு இரும்பை அரிக்கும்; அதன்மேல் பெயின்ற் பிடிக்காது; வெளிவாயை அடைத்த பூச்சு உள்ளே புகுந்த நீரை வெளியேறவிடாமல் சிறைவைத்து, தகட்டை உட்புறத்திலிருந்தே தின்னவைக்கும். கடற்காற்றுப் படும் ஊரிலே இதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. கால் வைக்கும் தகட்டை வெட்டி மாற்றும் செலவுடன் ஒப்பிட்டால், முதியவர் முதலிற் கேட்ட தொகை அற்பம்.

எனவே, கராஜ்கள் தங்கள் சிட்டையிலே 'பழுது பார்த்தறிதல்' என்று தனியே ஒரு வரி எழுதி அதற்கொரு தொகை குறிக்கவேண்டும். வைத்தியரிடம் மருந்தில்லாமல் திரும்பினாலும் அவருக்குரியதைக் கொடுக்கும் நாம், அந்த வரியை வெட்டாமற் கொடுக்கவேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களிலே, மாணவனுக்கு ஒழுகும் கபின் ஒன்றைக் கொடுத்து, எந்தப் பசையும் கொடாமல், புகுவாயைச் சுட்டிக்காட்டினாற் போதும் என்று ஒரு பரீட்சை வைக்கலாம். அந்தப் பரீட்சைக்கு முதியவர் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்து அழைக்கலாம்.

உரிமையாளர்களுக்கு இன்னொன்று. ஆவணியிலும் புரட்டாதியிலும் கராஜ்களில் வேலை குறைவு, தகடுகளும் நன்றாக உலர்ந்திருக்கும். அப்போது கொண்டுபோய் நிறுத்துகிற வண்டிக்குக் குழாய் நீரே போதும். ஐப்பசி மழையில் ஓடி வருகிறவர், முன்னால் நிற்கும் வண்டிகள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.