அளவில்லாத் தட்டும் அளந்த கூலியும்

அமெரிக்கச் சிறுநகரங்களின் நெடுஞ்சாலையோர வணிக வளாகங்களில், 'வேண்டிய மட்டும் சாப்பிடலாம்' என்ற பலகையுடன் ஒரு சீன பஃபே உணவகத்தைக் காணலாம். ஒருமுறை கட்டணம் செலுத்தினால் போதும். ஆவி பறக்கும் நீண்ட மேடைகளில் பொரித்த கோழி, நூடுல்ஸ், வறுத்த சோறு, நண்டுக்கால், இறால் எனக் குவிந்திருக்கும். ஓர் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் சுஷி உருட்டிக்கொண்டிருப்பார். சுஷி ஜப்பானிய உணவு. உருட்டுபவரோ பெரும்பாலும் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்தோ மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்தோ வந்தவர்.

உண்ண வருவோர் லாரி ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியோர், மூன்று பிள்ளைகளுடன் வரும் குடும்பத்தினர். விலைப்பட்டியலைப் பார்த்து மனத்துக்குள் கூட்டல் போடாமல் அவர்கள் உட்காரக்கூடிய உணவகங்கள் வேறு அதிகம் இல்லை. இதைப் பெருந்தீனி என்று ஏளனம் செய்யும் எழுத்துகளுக்குக் குறைவில்லை. அது வயிறு நிறைந்தவர்களின் ஏளனம்.

ஆனால் 15, 20 டாலருக்கு வேண்டிய மட்டும் சோறு போடுவது எப்படிக் கட்டுப்படியாகிறது? கணக்கு எளியது என்பார்கள்: மலிவான சோறும் நூடுல்ஸும் முதலில் வயிற்றை நிரப்பிவிடும், சுஷியிலும் மீனைவிடச் சோறே மிகுதி, பரிமாறும் வேலையில் பாதியை உண்பவரின் கால்களே செய்துவிடுகின்றன. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி சமையலறையிலும் சட்டப்புத்தகத்திலும் இருக்கிறது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009க்குப் பின் அது உயரவில்லை. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டியதோ மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. 1991 முதல் அந்த எண் அசையவே இல்லை. மீதியை வாடிக்கையாளரின் தயவு நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. துணிந்து கேட்க முடிந்தவருக்கே அது பயன்படும். பஃபேயில் உண்பவர் தாமே எடுத்துக்கொள்வதால் டிப்ஸையும் குறைத்தே வைக்கிறார். எச்சில் தட்டுகளை இடைவிடாது அகற்றுபவரின் உழைப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. 2025இல் டிரம்ப் அரசு டிப்ஸ் வருமானத்தில் 25,000 டாலர் வரை வருமான வரிவிலக்கு அளித்து, அதைத் தொழிலாளர் நலன் என்று முழங்கியது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு வரிவிலக்கு எதற்கு? 2.13ஐ அது தொடவில்லை.

சமையலறைக்குள் இருப்பவரின் கூலியை அளந்து வைப்பது குடியேற்றச் சட்டம். அந்தக் கதை பழையது. 1867 ஜூனில், சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில்பாதை அமைத்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள், வெள்ளையருக்கு இணையான கூலியும் குறைந்த வேலைநேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனி, மலைமேல் செல்லும் உணவுப் பொருள்களை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முறிந்தது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, 1882இல், சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை விதித்தது. வெட்கத்துடன் குறிப்பிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தடையைத் தொடரக் கோரி, இறைச்சி உண்ணும் அமெரிக்கத் தொழிலாளியா, அரிசி உண்ணும் ஆசியக் கூலியா, யார் நிலைப்பது என்று கேட்டுத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டது அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு. சோற்றை வைத்தே சக தொழிலாளியைப் பகைவனாக்கியது ஒரு தொழிற்சங்கம்!

சட்டத்தில் வணிகர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் அவ்விலக்கில் சேர்த்தது. பலர் கூட்டாகப் பணம் திரட்டி உணவகம் திறந்தனர். சீன உணவகங்கள் பெருகின. சீனருக்கு உணவகம் நடத்துவது பிறவிக் குணம் என்பது கட்டுக்கதை. மற்றக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன.

1943இல் சட்டம் நீங்கியது, முறை நீங்கவில்லை. 1993இல் கோல்டன் வென்ச்சர் என்ற கப்பல் 286 பேருடன் நியூயார்க் கடற்கரையில் தரைதட்டியது. கரைசேர முயன்றவர்களில் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆள்கடத்துவோரிடம் பெருங்கடன்பட்டு வந்த ஃபூஜியன் மக்கள். அத்தகையோரை மன்ஹாட்டன் சைனாடவுனின் வேலைவாய்ப்பு முகமைகள் பஸ் ஏற்றித் தொலைதூர ஊர்களின் உணவகங்களுக்கு அனுப்பிவந்திருக்கின்றன. முதலாளி தரும் அறையில் பலர் சேர்ந்து உறக்கம். வாரம் 6 நாள், நாளுக்கு 12 மணிநேர வேலை. இதே முறையில் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்களை பஃபேக்களுக்கு அனுப்பிய சிகாகோ முகமைகள் மீது 2015இல் இல்லினாய் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. முதலாளியும் பல இடங்களில் நேற்றுவரை பாத்திரம் கழுவியவர்தான். அவரை மட்டும் வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஆவணமற்றவர் புகார் கொடுக்கமாட்டார் என்ற உறுதிதான் இந்தக் கூலியின் அடித்தளம். குடியேற்றக் காவலர்களின் சோதனைகள் பெருகப் பெருக அந்த உறுதியும் வலுப்படுகிறது.

தட்டில் குவியும் இறாலின் தடத்தைப் பின்தொடர்ந்தால் அது பலமுறை இந்தியாவில் வந்து நிற்கும். அமெரிக்கா இறக்குமதி செய்யும் இறாலில் மிகப்பெரும் பங்கு இந்தியாவினுடையது. ஆந்திரக் கடலோரமே அதன் மையம். ஒப்பந்தக்காரர்கள் அழைத்துவரும் பெண்கள் பனிக்கட்டியில் கிடக்கும் இறாலை நாள் முழுதும் தலை கிள்ளி, ஓடு உரித்து, விரல்கள் புண்ணாகின்றனர். கார்ப்பரேட் அக்கவுன்டபிலிட்டி லேப் என்ற அமெரிக்க அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, இத்தொழிலின் கடன்பிணைப்பையும் கூலிக் குறைப்பையும் அம்பலப்படுத்தியது. ஏற்றுமதியாளர்கள் மறுத்தனர். 2025 ஆகஸ்டில் டிரம்ப் இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியதும் ஆந்திரப் பண்ணைகளில் கொள்முதல் விலை சரிந்தது. அப்போது ஏற்றுமதியாளரின் நட்டம் பற்றித் தில்லியில் நடந்த பேச்சில், இறால் உரிக்கும் பெண்ணின் நாள்கூலிக்கு இடமிருக்கவில்லை.

கூலியை உயர்த்தினால் உணவகங்கள் மூடப்படும், ஏழைக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை விருந்தும் போய்விடும் என்று அமெரிக்க உணவக முதலாளிகள் அச்சுறுத்துகின்றனர். 1980இல் நியூயார்க் சைனாடவுனின் சில்வர் பேலஸ் உணவகத்தில், டிப்ஸில் நிர்வாகத்துக்குப் பங்குதர மறுத்த பரிமாறுநர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். மறியல் செய்து வேலைக்குத் திரும்பிய அவர்கள் சொந்தச் சங்கமும் கட்டினர். உணவகம் அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மின்னசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய 7 மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. அங்கும் சீன பஃபேக்களின் மேடைகளில் ஆவி பறந்துகொண்டுதான் இருக்கிறது.