முன்பணத்துக்குக் காவல் யார்?

பெங்களூரைத் தளமாகக் கொண்ட கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2005இல் பறக்கத் தொடங்கி, ஓர் ஆண்டுகூட இலாபம் காணாமல் 2012 அக்டோபரில் முடங்கியது. அதற்குக் கடன் கொடுத்தவற்றுள் பெரும்பாலானவை பொதுத்துறை வங்கிகள். ஆகவே, விமானமே ஏறியிராத ஸ்ரீராம்புரத்துச் சேமிப்பாளரும் அந்த இடரில் அறியாமலே பங்காளியானார்.

பின்னர் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் நின்றுபோயின. எரிபொருளும் குத்தகையும் டாலரோடு ஏறும். கட்டணமோ போட்டியால் இறங்கும். இடைவெளியை நிரப்புவது பயணிகள் முன்கூட்டிச் செலுத்திய பணம்.

கோ ஃபர்ஸ்ட் வழக்கின் படிப்பினையாக, 2025இல் இயற்றப்பட்ட சட்டம் குத்தகைக்கு விட்டவர்கள் தம் விமானங்களை விரைந்து மீட்க வழிசெய்தது. அது தேவையானதே. ஆனால் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு வகுக்கும் வரிசையில், பயணச்சீட்டு வாங்கியவர் பிணையுடன் கடன் கொடுத்தோருக்கும் ஊழியருக்கும் பின்னரே நிற்கிறார்.

முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, பயணம் முடிந்த பின்னரே நிறுவனம் எடுக்க விதி வேண்டும். அதனால் கட்டணம் சற்று உயரலாம். எனினும், வீழ்ச்சியின் சுமையை அதை அறியாதவர் தலையில் ஏற்றுவதைவிட அது நேர்மையானது.