மறுமுனையில் யார்?



சென்னையை அடுத்த நம் அஸ்தினாபுரத்தில் வயதான தம்பதி மட்டும் தனியாக இருக்கும் வீடு இல்லாத தெரு உண்டா? பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். ராத்திரி போனில், “அப்பாவுக்கு பிரஷர் எவ்வளவும்மா?” என்று கேட்டால், “நார்மல்தான்” என்று பதில் வரும். பிள்ளை கவலைப்படக் கூடாதே என்று சொல்லும் ‘நார்மல்’ அது. நமக்குத் தெரியாததா?

இப்போது அளந்த எண்ணைத் தானாகவே அனுப்பிவிடும் பிரஷர் மெஷின், சுகர் மெஷின், எடை மெஷின் எல்லாம் வந்துவிட்டன. பெரும்பாலானவை 2010-ல் அறிமுகமான குறைந்த மின்சார ப்ளூடூத்தில் இயங்குபவை. நேரம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்து, ஒரு நொடி விழித்து எண்ணை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதனால்தான் சின்ன பேட்டரியே மாதக்கணக்கில் வருகிறது. ஆனால் அந்த எண்ணை வாங்கி அனுப்ப, பக்கத்திலேயே ஒரு போன் இருக்க வேண்டும்; அதில் சார்ஜும் டேட்டாவும் இருக்க வேண்டும்.

இதனால் என்ன பயன்? இதயம் பலவீனமானவர்களுக்கு நாலைந்து நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால், பெரும்பாலும் அது உடம்பில் நீர் கோத்துக்கொண்டதன் அடையாளம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? தினமும் எடை பார்க்கிற வீட்டுக்குத்தான் தெரியும். அன்றே டாக்டரிடம் சொன்னால், மாத்திரையை மாற்றியே சரிசெய்ய வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் ஆஸ்பத்திரி அட்மிஷன்தான்.

லோரா (LoRa) என்று, பக்கத்தில் போன் இல்லாமலே எண்களைத் தூரத்துக்கு அனுப்பும் இன்னொரு வயர்லெஸ் முறையும் இருக்கிறது. இதற்கு நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம். உயரமான அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஒரு ரிசீவர் வைத்தால், சுற்றியுள்ள பல தெருக்களுக்குப் போதும். இடைவிடாத ஈசிஜியை இது தாங்காது. பிரஷர், நாடி, எடை போன்ற நாலு எண்களுக்குத் தாராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் கரண்ட்டும் போய், போன் சிக்னலும் போய் நாம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? பேட்டரியோடு இருக்கும் ரிசீவர் அப்போதும் எண்களை வாங்கிக்கொண்டிருக்கும். ஆனால், அங்கிருந்து டாக்டருக்குப் போக இன்டர்நெட் வேண்டும்.

சரி, எண் போய்ச் சேர்ந்தது. அதை யார் பார்ப்பார்கள்? என் மனதை உறுத்துவது இந்தக் கேள்விதான். விற்பவர்கள் மெஷினைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆக்சிஜன் 88 என்று காட்டினால் யார் போன் எடுப்பார்கள், யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் இல்லை என்றால் அவர்களுடைய கண்காணிப்புச் சேவைக்குச் சந்தா கட்டாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தக் கண்காணிப்பை நேர் எதிர்த் திசையிலிருந்து செய்தது. அங்கே வீட்டுக்கு முதலில் போனது மெஷின் அல்ல, ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர். மெஷின் அவர் பையில் இருந்தது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரையும் தருகிறார். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. இந்தப் பெண்கள் வராத நாட்களில் எண்கள் வயர்லெஸ்ஸில் அவர்களுக்கே வந்து சேர்ந்தால், இன்று எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அவர்களுக்குத் தெரியுமே!

மெஷின் வாங்கும் முன் அப்பா அம்மாவிடம் சம்மதம் கேளுங்கள். அவர்கள் உடம்பின் கணக்கு அது. யாரெல்லாம் பார்க்கலாம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். தனிநபர் தகவலுக்குச் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது.

பக்கத்திலேயே குரோம்பேட்டை எம்.ஐ.டி. இருக்கிறது, 1949-லிருந்து எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் கல்லூரி. ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் அந்த மாணவர்களை அழைத்து, ஒரே ஒரு தெருவில் இதைச் செய்து பார்த்தால் என்ன? எண்களைப் பார்க்க ஒரு நர்ஸ், ஓடி வர இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பெயர்களை முதலில் எழுதிக்கொண்டு, அதன்பிறகு மெஷின் வாங்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள். யார் யார் முன்வந்தார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்