பூவரசம் போத்து

திருச்சியிலிருந்து வேதாரண்யம் பக்கம் இந்தக் கடலோர வீட்டுக்குக் குடிவந்தபோது, லாரியில் முதலில் ஏறியவை என் 23 பூந்தொட்டிகள். ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலை. அது போன ஐப்பசி. கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்த ஒரே வாரத்தில் இலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டுவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வேரில் இன்னும் இன்னும் ஊற்றினேன்.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு இலையைக் கிள்ளி நீட்டினார். “நாக்குல வச்சுப் பாருங்க டீச்சரம்மா.”

கரித்தது.

அலை உடைந்து தெறிக்கும் பொடித்துளிகளைக் காற்று வீடுவரை தூக்கி வருகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் இலையில் தங்கி, அதன் நீரை உறிஞ்சிவிடுகிறது. 1930இல் ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் இது. எத்தனையோ வருஷம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தியவள் நான்.

“மொதல்ல காத்துக்கு ஒரு மறைப்பு வைங்க. பூவெல்லாம் அப்புறம்.” தன் வீட்டுப் பூவரசிலிருந்து கைப்பருமனில் போத்து வெட்டிக் கொடுத்தார் அக்கா. கிழக்கு வேலியோரம் இருவருமாக 14 போத்து ஊன்றினோம். மணலில் படர்ந்திருந்த அடப்பங்கொடியைக் களையென்று பிடுங்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். மணலைப் பறக்கவிடாமல் கட்டிவைத்திருப்பது அந்தக் கொடிதான்.

கொல்லையில் தென்னையின் அடிக்கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது சாய்ந்தவை. பனைகள் நின்றுவிட்டன. அன்றைக்கு அக்கா வீட்டிலும் ஒரு தென்னை மிஞ்சவில்லை. அதைச் சொல்லும்போது மரம் என்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. பிள்ளை, பிள்ளை என்றே சொன்னார். தென்னம்பிள்ளை என்று நானும் ஆயுள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னபோதுதான் அந்தச் சொல் எனக்கு முழுதாகக் கேட்டது. அந்தக் கட்டைகளைப் பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவற்றின் நடுவே சாணமும் மட்கிய நார்க்கழிவும் கொட்டிக் கத்தரி வைத்திருக்கிறேன்.

ஆழ்துளைக் கிணறு போடும் யோசனையையும் விட்டுவிட்டோம். இங்கே மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நல்ல நீர்தான். அந்த 1 அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு அத்தனை அடியும் ஏறி வரும். ஒரு வீட்டுக்காரர் அவசரப்பட்டால் தெருவே கரிப்புத் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். ஆகவே வாளியும் கயிறும் போதும். தினமும் முதல் வாளியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் செடிக்குப் போகிறேன்.

14 போத்தில் 11 துளிர்த்தன. இப்போது என் தோளுயரம். காலையில் மஞ்சளாக விரிந்த பூ சாயங்காலம் செம்மை ஏறிக் கீழே கிடக்கிறது. அந்த மறைப்புக்குப் பின்னால் இந்த ஊர் முல்லை ஒன்று பந்தலேறியிருக்கிறது. ரோஜாக்களில் இரண்டுதான் பிழைத்தன.

போன வாரம் மகள் திருச்சியிலிருந்து பேசினாள். “வீட்டுக்கு எப்பம்மா வர்றீங்க?”

“தைக்கு மேல பார்க்கலாம்மா. வாடை ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலம் இலையெல்லாம் கழுவிவிடணும்.”