பூவத்திலிருந்து நேரா வடக்கே!

பூவம் பீச்சுல நீங்களும் உங்க ஃப்ரெண்டும் கிழக்கு மேற்கா பத்தடி தள்ளி நில்லுங்க. ரெண்டு பேரும் நேரா வடக்கே நடங்க. (நடுவுல வர்ற கடல், மலை, பசி எல்லாத்தையும் மறந்துடுங்க!) திரும்பவே கூடாது. ஆனாலும் வடதுருவத்துல முட்டிக்குவீங்க. யாரும் தள்ளலை. பூமி உருண்டை, அவ்வளவுதான்.

காலவெளியை வளைக்கிறது அதில் இருக்கிற பொருள். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினா, கேலக்ஸிகளோட பாதைகளும் நெருங்கி முட்டுது. துருவத்துல நீங்க ரெண்டே பேர். அங்கே மொத்தப் பொருளும் சேருது. அடர்த்தி எல்லையில்லாம எகிறும்!

'பிரபஞ்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரினு நாமளா வெச்சுக்கிட்டதால வந்த வினை. கொஞ்சம் கோணலா இருந்தா தப்பிச்சிடும்'னு பலர் நினைச்சாங்க. 1955-ல் கல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌத்ரி ஒரு சமன்பாடு போட்டார். கோணல் காப்பாத்தாது, பாதைகளை இன்னும் நெருக்கும். சுழற்சி இருந்தா வேணா தப்பிக்கலாம். அப்போ அவருக்கு வயசு 31, டாக்டர் பட்டம்கூட வாங்கலை!

1970-ல் ஹாக்கிங்கும் பென்ரோஸும் அதே சமன்பாட்டை வெச்சு, சில நிபந்தனைகளோட, சுழற்சியும் கைகொடுக்காதுனு நிரூபிச்சாங்க. பென்ரோஸுக்கு 2020-ல் நோபல். ராய்சௌத்ரி 2005-லேயே போயிட்டார்.

அடர்த்தி எகிறுற அந்த இடத்துல ஐன்ஸ்டீன் கணக்கே கையை விரிச்சிடும். அப்புறம்? குவான்டம். அது அடுத்த வாரம்!